இருக்கு, இருக்கும்

தங்கச்சி மகன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஓர் எண் துடித்துக்கொண்டிருந்தது. 118, 121, 119. புது கிராபிக்ஸ் கார்டு வந்து நாலாவது நாள். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினான்.

“மாமா, நூத்திருபது காட்டுது. படமும் வழுக்கிக்கிட்டுப் போவுது. ஆனா மவுஸ அசைச்சா கைக்கு நூத்திருபது மாதிரி இல்ல, அறுபது மாதிரிதான் இருக்கு. யாரு பொய் சொல்லுதா, கண்ணா கையா?”

அவனுக்கு வயது பத்தொன்பது. இந்தக் கேள்வியை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். கார்டு வாங்கிய அன்றைக்கே தெரியும். அதுதான் சங்கடம்.

கார்டு 35,000 ரூபாய். தங்கச்சி பேட்டையில் பீடி சுற்றுகிறவள். சீட்டு போட்டுச் சேர்த்த பணம். கடைக்காரர் ஒரு விளம்பரத் தாளைக் காட்டி, “இந்த கேம்ல நூத்திருபது ஃப்ரேம் வரும் சார்” என்றார். அவள் என் பக்கம் திரும்பி, “அண்ணே, அந்த நம்பரு நெசந்தானா?” என்று கேட்டாள். கணினி சமாச்சாரம் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் என் வாக்குதான் கடைசி வாக்கு. பத்து வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் ப்ரௌசிங் சென்டர் நடத்தியவன் அல்லவா. பையன் முகத்தைப் பார்த்தேன். “நெசந்தான்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த எண் பொய்யா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். திரையில் வினாடிக்கு 120 படங்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் பாதியை அந்தக் கார்டு விளையாட்டைக் கேட்டு வரையவில்லை, ஊகித்து வரைந்தது. ஊகத்துக்கும் பார்த்ததற்கும் ஒரே எண்ணைச் சூட்டலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். படிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன்.

*

தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் வாங்கினோம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் பாயிலேயே நெய்து தருவார்கள். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையோரத்துக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிசாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். பாயின் தரத்தை நூலெண்ணிக்கையில் சொல்வார்கள். சாதாரணப் பாய்க்கு 50 அளவில் இருக்கும். பட்டுப்பாய் என்று சொல்கிற உயர்ரகத்துக்கு 100, 120, 140 என்று ஏறும். எண்ணிக்கை ஏற ஏறக் கோரையையும் அதற்கேற்ப மயிரிழையாகக் கிழித்தாக வேண்டும். சாதாரணப் பாய் சில நாளில் முடியும். பட்டுப்பாய்க்கு வாரக்கணக்காகும்.

நாங்கள் வாங்கியது நடுத்தரம். அதில் என் தங்கச்சி பெயரின் வளைவுகள் எல்லாம் படிக்கட்டாக இருந்தன. தமிழ் எழுத்துக்கு வளைவுதான் உயிர். வளைவு முழுக்கப் படிப்படியாக இறங்கிக் குறுக்குத்துறைப் படித்துறை மாதிரி நின்றது. நெய்த அம்மாளிடம் இதைக் கேட்டேன். தப்பு கண்டுபிடிக்கிறேன் என்று நினைக்கக்கூடாதே என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் சிரித்தார்.

“கோரை ஒண்ணு இந்த எடத்துல இருக்கும், இல்லன்னா இருக்காது. பாதிக் கோரைன்னு ஒண்ணு இல்லையே தம்பி. வளைவு வேணும்னா இன்னும் மெல்லிசாக் கிழிக்கணும். அதுக்குக் காசும் கூட, நாளும் கூட.”

கணினித் திரையின் மொத்தப் பிரச்சினையையும் அந்த அம்மாள் மூன்று வரியில் சொல்லிவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

திரையும் ஒரு பாய்தான். 1920 பத்தி, 1080 வரிசை. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நேரத்தில் ஒரே நிறம். விளையாட்டில் வருகிற மதில், மரம், துப்பாக்கி எல்லாம் கணினிக்குள் முக்கோணங்களாக இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் போய் நின்று ஒரு கேள்வி கேட்கிறது: இந்த இடம் முக்கோணத்துக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால் மதிலின் நிறம். வெளியே என்றால் வானத்தின் நிறம். மதிலின் சாய்ந்த விளிம்பு ஒரு புள்ளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனாலும் பதில் ஒன்றுதான். அதனால் சாய்கோடு படிக்கட்டாகிறது. தூரத்தில் போகிற மின்கம்பி துண்டு துண்டாக அறுந்து மினுக்குகிறது.

இதற்கு அலையாசிங் என்று பெயர். அலையஸ் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எல்லோரும் வேறு வடிவில் படித்திருப்போம். போலீஸ் செய்தியில் ‘சுப்பையா என்கிற சுப்பு’ என்று வருமே, அந்த ‘என்கிற’தான் அலையஸ். ஒன்று இன்னொன்றின் பெயரில் வந்து நிற்பது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரிவதும் இதே சங்கதிதான். கேமரா எடுத்த படங்களுக்கு நடுவில் சக்கரம் என்ன செய்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில் பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. கணினிப் படங்களில் இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்து ஃபிராங்க்ளின் குரோ என்பவர் கட்டுரை எழுதியது 1977இல்.

படிக்கட்டைத்தான் நாம் கூர்மை என்றும் நேர்மை என்றும் நினைக்கிறோம். மழுப்பாத பேச்சு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று அதற்குப் பெருமை வேறு. ஆனால் விளிம்பில் இருக்கிற புள்ளியை யோசித்துப் பாருங்கள். அதில் முக்கால் பங்கு மதில், கால் பங்கு வானம். ‘மதில்’ என்று அடித்துச் சொன்னால் அது பொய். மதிலும் வானமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்த ஒரு மங்கல் நிறத்தைக் கொடுத்தால், அந்த ஒற்றைப் புள்ளி தன்னால் முடிந்த உண்மையைச் சொல்லிவிட்டது. விளிம்புகளை வழுவழுப்பாக்குகிற ஆன்டி-அலையாசிங் ஓர் ஒப்பனை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். அதன் முதல் வடிவத்தில் அது ஒப்பனையைக் கலைக்கிற வேலை. ஆம், இல்லை என்ற இரண்டே பதிலுக்குள் அடங்காத இடத்தில் அடங்கவில்லை என்று ஒப்புக்கொள்வது.

*

அந்த மங்கல் நிறம் எப்படிக் கிடைக்கிறது? புள்ளியின் நடுவில் மட்டும் கேட்காமல் அதற்குள்ளேயே நாலு இடத்தில் நின்று கேட்க வேண்டும். மூன்று இடம் மதில் என்றும் ஓர் இடம் வானம் என்றும் சொன்னால், நாலையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இதற்கு சூப்பர்சாம்பிளிங் என்று பெயர். பாயைப் பொறுத்தவரை கோரையை நாலாகக் கிழிப்பது.

செலவும் நாலு மடங்கு. 20 லட்சம் புள்ளிகளுக்குப் பதில் 82,94,400 இடங்களில் நிறம் கணக்கிட வேண்டும். வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 16.67 மில்லி வினாடி. அதற்குள் நிழல், வெளிச்சம், தண்ணீர், புகை எல்லாம் போட்டு முடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 5 கார்டில் இந்த முறையை வீட்டு விளையாட்டுக்காரர்களுக்குக் கொண்டுவந்தது. படம் அழகாக வந்தது, வேகம் விழுந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே நிறுவனத்தின் முக்கியச் சொத்துகளை என்விடியா வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

பிறகு ஒரு சிக்கன வழி வந்தது. எம்எஸ்ஏஏ. ஒரு புள்ளிக்குள் நாலு இடத்தில் ‘உள்ளேயா வெளியேயா’ என்று மட்டும் கேட்பது, நிறத்தை ஒரு முக்கோணத்துக்கு ஒரு தடவை மட்டும் கணக்கிடுவது. விளிம்பு சுத்தமாக வரும், செலவு குறையும். ஆனால் முக்கோணத்தின் விளிம்பைத் தவிர மற்ற இடங்களில், இலைகளில், கம்பி வலைகளில், பளபளக்கும் பரப்புகளில் வருகிற மினுக்கலை அது தொடாது.

என் ப்ரௌசிங் சென்டரில் எட்டு மெஷின். எதிலும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வருவார்கள். விளையாட்டைப் போட்டதும் நான் செய்கிற முதல் வேலை, செட்டிங்ஸில் போய் ஆன்டி-அலையாசிங்கை அணைப்பது. அதோடு நிழலையும் அணைப்பேன். அப்போதுதான் ஓடும். படிக்கட்டுக் கார்களில் அவர்கள் பறந்தார்கள். உண்மை கேட்கக் காசு வேண்டும் என்று அப்போது எனக்குத் தத்துவமாகத் தோன்றவில்லை. மணிக்கு இருபது ரூபாய் வாங்குகிறவனுக்கு அது அன்றாடக் கணக்கு.

கேட்கக் கேட்கச் செலவுதான், ஆனால் முடிவும் இல்லை. ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க அதன் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தடவை பார்க்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயர்களில் வழங்குகிற விதி. மதிலும் வானமும் சட்டென்று மாறுகிற கூரான விளிம்புக்கு அப்படி ஓர் எல்லையே இல்லை. எத்தனை இடத்தில் கேட்டாலும் இன்னும் கேட்க இடம் இருக்கும். 140 நூல் பாயிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் படி தெரியும். எனவே எங்கோ ஓரிடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் தவிர்க்க முடியாதது. அப்படியானால் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

*

2009 வாக்கில் என்விடியாவில் டிமொதி லாட்டஸ் உருவாக்கிய எஃப்எக்ஸ்ஏஏ முறை விளையாட்டிடம் எதையும் புதிதாகக் கேட்பதில்லை. படிக்கட்டோடு வரைந்து முடித்த படத்தை எடுத்து, வெளிச்சம் சட்டென்று மாறுகிற இடங்களைத் தேடி, அங்கே தேய்த்துவிடுகிறது. செலவு மிகக் குறைவு. எளிய கார்டுக்காரனுக்கு அது ஒரு வரம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. படிக்கட்டு மாதிரித் தெரிந்தால் தேய்க்கும். சில நேரம் நல்ல எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

அடுத்து வந்த டிஏஏ நினைவை நம்புகிறது. ஒவ்வொரு படத்திலும் புள்ளிக்குள் வெவ்வேறு இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டு, முந்தைய படங்களில் கிடைத்த பதில்களோடு சேர்த்துக்கொள்கிறது. அசையாத காட்சியில் அற்புதமாக இருக்கும். வேகமாக ஒன்று ஓடினால் அதன் பின்னால் ஆவி மாதிரி ஒரு வால் வரும். போனவன் இன்னும் போகாமல் நிற்பான்.

2018இல் என்விடியா கொண்டுவந்த டிஎல்எஸ்எஸ் குறைந்த புள்ளிகளில் வரைந்துவிட்டு, பயிற்சி கொடுத்த நரம்பு வலையை வைத்து மிச்சப் புள்ளிகளை நிரப்புகிறது. 2022இல் அதற்கு மேல் ஒரு படி: ஃப்ரேம் ஜெனரேஷன். இரண்டு படங்களை வரைந்து, அவற்றுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து ஒரு மூன்றாவது படத்தைச் செருகுவது. தங்கச்சி மகனின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது இந்த வகைதான்.

இங்கேதான் அவன் கேள்விக்கு விடை இருக்கிறது. நடுப்படத்தைச் செய்ய வேண்டுமானால் அடுத்த படம் வந்து கையில் இருக்க வேண்டும். எனவே அடுத்த படத்தைச் சற்று நிறுத்திவைத்து, நடுப்படத்தைக் காட்டிவிட்டு, பிறகு அதைக் காட்டுகிறார்கள். அவன் மவுஸை அசைத்ததை அந்த நடுப்படம் கேட்பதே இல்லை. கண்ணுக்கு 120. கைக்கு அறுபதுதான், அதிலும் ஒரு துளி தாமதம். கண், கை இரண்டுமே பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு எண், ஓர் எண்ணை மட்டும் காட்டினார்கள்.

*

இதை நான் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் வாயிலிருந்தே ஒரு வாக்கியம் வந்தது. “பாதிப் படம் ‘இருக்கு’லே, மீதிப் பாதி ‘இருக்கும்’.” சொன்ன பிறகு எனக்கே பகீர் என்றது. வேறு ஒரு நாள் ஞாபகம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. திருநெல்வேலி ஜங்ஷனில் இடுப்பளவுத் தண்ணீர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தங்கச்சியின் மாமியார் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறவர். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். திங்கள்கிழமை காலையிலிருந்து அவர் போன் எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் யார் போனும் எடுக்கவில்லை.

தங்கச்சி எனக்கு அடித்தாள். “அண்ணே, அத்தை எப்படி இருக்காவன்னு தெரியலண்ணே. இவுக கெளம்பிப் போறேன்னு நிக்காவ.” எனக்கு அங்கே தெரிந்த ஒருவரிடம் காலையில் பேசியிருந்தேன். அந்தத் தெருவில் மேட்டு வீடுகளுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். அத்தையை அவர் பார்க்கவில்லை. நான் தங்கச்சியிடம் சொன்னேன்: “அத்தை நல்லா இருக்காங்க. மேட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மச்சானைப் போக விடாதே.”

மச்சான் போகவில்லை. புதன்கிழமை தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், அத்தை மேட்டு வீட்டில்தான் இருந்தார். நான் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் இரண்டு இரவு ஊசி இல்லாமல், சாப்பாடு இல்லாமல், ஈரத் துணியோடு மாடியில் கிடந்திருக்கிறார். பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். மச்சான் அன்று கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாரா? சாலை பல இடத்தில் அறுந்து கிடந்தது. அநேகமாக முடிந்திருக்காது. போகிற வழியில் அவருக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

தங்கச்சி சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் ஃபிளாஸ்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “இருக்காங்கன்னு சொன்னியேண்ணே. இருப்பாங்கன்னு சொல்லிருந்தா நாங்க வேற மாதிரி யோசிச்சிருப்போம்.”

தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்லப் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். வினையின் வால் போதும். பார்த்தது ‘இருக்கு’. முன்பு பார்த்தது ‘இருந்துச்சு’. பார்க்காமல் ஊகிப்பது ‘இருக்கும்’. யாரோ சொல்லிக் கேட்டது ‘இருக்காம்’. ஒரு குழந்தைகூட இவற்றைக் குழப்பிக்கொள்ளாது. “அப்பா வந்துட்டாரா?” என்று கேட்டால் “வந்திருப்பாரு” என்றும் “வந்துட்டாராம்” என்றும் சரியாகப் பிரித்துச் சொல்லும். நான் ஒரு ‘இருப்பாங்க’வை ‘இருக்காங்க’ ஆக்கினேன். ஊகம் சரியாக இருந்ததால் தவறு குறைந்துவிடவில்லை. அவர்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவை நான் பறித்துக்கொண்டேன். எவ்வளவு துணிவது, எவ்வளவு காத்திருப்பது என்பதை அவர்கள் முடிவு செய்ய அந்த ஒரு விகுதி தேவைப்பட்டது.

இந்த வால்களை வைத்துப் பார்த்தால் நான் மேலே சொன்ன முறைகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. சூப்பர்சாம்பிளிங் ‘இருக்கு’. டிஏஏ பெரும்பாலும் ‘இருந்துச்சு’. டிஎல்எஸ்எஸ்ஸும் ஃப்ரேம் ஜெனரேஷனும் ‘இருக்கும்’. கடைக்காரர் காட்டிய விளம்பரத் தாள் ‘இருக்காம்’. நான் தங்கச்சியிடம் சொன்ன ‘நெசந்தான்’ மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

*

இந்தத் தொழிலில் எண்ணுக்கு நடந்த அநியாயங்கள் புதிதல்ல. 2003 மே மாதம், கார்டுகளின் வேகத்தை அளக்கும் த்ரீடிமார்க் 03 மென்பொருளைச் செய்த ஃப்யூச்சர்மார்க் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தச் சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். என்விடியாவின் அன்றைய டிரைவர் அந்தப் பாதையை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, கேமரா எட்டிப் பார்க்காத இடங்களை வரையாமல் விட்டிருக்கிறது. கேமராவைப் பாதையை விட்டு இறக்கிப் பார்த்தால் வானம் இருக்க வேண்டிய இடம் சிதைந்து கிடந்தது. தந்திரத்தை அடைத்ததும் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் இறங்கியது. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் கூட்டாக அறிக்கை விட்டு, அதை ஏமாற்று என்று சொல்லாமல், ஒரு செயலிக்காகச் செய்த மேம்படுத்தல் என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெயர் மாறினாலும் காரியம் அதேதான். சுப்பையா என்கிற சுப்பு.

கண்ணுக்குத் தெரியாததை வரையாமல் விடுவதில் தவறே இல்லை. எல்லா விளையாட்டும் அதைத்தான் செய்கிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கிற மதிலை வரைந்து என்ன பயன்? ஆனால் விளையாட்டு ஒவ்வொரு படத்திலும் ‘இப்போது இது தெரிகிறதா’ என்று பார்த்துவிட்டு விடுகிறது. அந்த டிரைவர் பார்க்கவில்லை, வினாத்தாள் முன்பே கையில் இருந்தது. விடை ஒன்றாகவே வந்தாலும், படித்து எழுதியவனும் வினாத்தாள் வாங்கி எழுதியவனும் ஒன்றில்லை என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். சோதனை என்பதே, தெரியாத இடத்தில் இவன் என்ன செய்வான் என்று அறியத்தானே.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 2022இல் 1,599 டாலருக்கு வந்த 4090 கார்டின் செயல்திறனைத் தரும் என்று அறிவித்தார். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது முடியாது என்றும் மேடையிலேயே சொன்னார். புதிய முறையில் வரைந்த ஒரு படத்துக்கு மூன்று ஊகப் படங்கள் வரை செருகலாம். நாலில் ஒன்று ‘இருக்கு’, மூன்று ‘இருக்கும்’. நாலையும் கூட்டிப் பழைய கார்டின் எண்ணோடு ஒப்பிட்டால் சமன் வரும். மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் மேடையில் சொன்ன விளக்கம் மேடையோடு நின்றுவிடுகிறது. எண் மட்டும் தனியாக ஊர் ஊராகப் பயணம் போய், கடைசியில் பேட்டையிலிருந்து வந்த ஒரு பீடித் தொழிலாளிக்கு முன்னால் தாளில் வந்து நிற்கிறது. வருகிற வழியில் வால் உதிர்ந்துவிடுகிறது. கடைசி உதிர்ப்பை நான் செய்தேன்.

*

என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. பழைய ப்ரௌசிங் சென்டர் நண்பர் ஒருவர் கேட்டார்: “உன் கண்ணே ஊகம்தானப்பா. கண்ணுக்குள்ள நரம்பு வெளிய போற எடத்துல பார்வையே கெடையாது. அந்த ஓட்டையை மூளைதான் நிரப்புது. சினிமா வினாடிக்கு 24 படம். நடுவுல உள்ள அசைவு எங்க இருக்கு? அதுக்கெல்லாம் நீ வழக்கா போட்ட?”

அவர் சொல்வது சரி. இந்தக் கட்டுரையை நீங்கள் திரையில் படிப்பதும் விளிம்பு தேய்த்த எழுத்துகளில்தான். இல்லாவிட்டால் ‘ஐ’யும் ‘ஞ’வும் தங்கச்சி கல்யாணப் பாயில் இருந்தது போலத்தான் இருக்கும். ஊகம் இல்லாமல் ஒரு நாளைக்கூட நடத்த முடியாது. அவர் இன்னொன்றும் சொன்னார். ஊகத்தால்தான் காசில்லாதவன் விளையாட முடிகிறது. நாலு வருஷப் பழைய கார்டில் புது விளையாட்டு ஓடுகிறதென்றால் இந்த நிரப்பல்களின் புண்ணியம். என் எட்டு மெஷினில் அன்று இது இருந்திருந்தால் அந்தப் பையன்களின் கார்களுக்குப் படிக்கட்டு இருந்திருக்காது. கதை சொல்லும் விளையாட்டை நிதானமாக ரசிக்கிறவனுக்கு ஊகப் படம் நிஜப் படத்துக்குக் குறைந்ததில்லை. ‘உண்மையான ஃப்ரேம்’, ‘போலி ஃப்ரேம்’ என்று சண்டை போடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். போலி என்பது படத்தின் குணமில்லை. அதை எந்தப் பெயரில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் வால் வேண்டும். ஏனென்றால் ஊகம் எங்கே போதும், எங்கே போதாது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதைப் பெற்றுக்கொள்கிறவர். வேடிக்கை பார்க்கிற கண்ணுக்கு 120 போதும். எதிராளி திரும்புவதற்குள் சுட வேண்டிய கைக்கு அது உதவாது. தன் காரியம் கண்ணுடையதா கையுடையதா என்பது அவனுக்குத்தான் தெரியும். வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதற்கு ‘இருப்பாங்க’ போதும். மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதாது. எனக்குத் தெரிந்தது இருப்பாங்கதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறுதலுக்காகச் சொல்கிறோம், பையன் முகம் வாடக்கூடாதென்று சொல்கிறோம். கேட்கிறவர் தாங்க மாட்டார் என்பதும் ஓர் ஊகம்தான். அதை மட்டும் நாம் எப்போதும் ‘இருக்கு’ என்றே எடுத்துக்கொள்கிறோம். தங்கச்சி எதைத் தாங்க மாட்டாள் என்று நான் இரண்டு தடவை முடிவு செய்தேன். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

*

பையனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். தங்கச்சி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கடையில் நான் நெசந்தான் என்று சொன்னதைச் சொன்னேன். நூற்றிருபதில் பாதி கார்டே தானாக நிரப்பிக்கொள்வது என்றும், கைக்கு வருவது அறுபது என்றும், இது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

“அறுபதுன்னா அவனுக்குப் போதாதா?”

“போதும்னுதான் நினைக்கேன்.”

“நினைக்கியா, பாத்தியா?”

பார்க்கவில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டால் அந்த விளையாட்டில் அந்தக் கார்டு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அறுபது என்பதும் நூற்றிருபதைப் பாதியாக வகுத்து வந்த எண்தான்.

“இரு, பாத்துட்டு வந்து சொல்லுதேன்” என்று மறுபடி அவன் அறைக்குப் போனேன். செட்டிங்ஸில் ஃப்ரேம் ஜெனரேஷனை அணைக்கச் சொன்னேன். சந்தை மாதிரி கூட்டம் இருக்கிற ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாகச் சுற்றிவரச் சொன்னேன். மூலையில் பச்சை எண் இறங்கி, கொஞ்சம் தடுமாறி, ஓரிடத்தில் நின்றது. 67. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்குள் திரும்பும்போது 64.

“அறுபத்தி நாலுன்னு சொல்லுங்க மாமா” என்றான். “கூட்டம் அதிகமானா இன்னும் எறங்கும்ங்கறதையும் சொல்லிருங்க.”